சலவை அறையிலிருந்து ஓட்வாரின் ஆட்டம்

ஆட்டத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.
சட்டைகளைப் பார்த்திருக்கிறேன்,
முப்பத்தோரு வருடம்.

ஓட்வார் ஸ்கோக்லி பயிற்சியாளராக வந்த முதல் இலையுதிர்காலம்
ஐந்தாம் எண்ணின் தோளெல்லாம் சேறு.
ஒன்பதாம் எண்ணின் கழுத்துப்பட்டையில் ரத்தம்,
அவனுடையதா அடுத்தவனுடையதா, கேட்டதில்லை,
உப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் ஊறவைப்பேன்.
நடுக்களத்துப் பையன்களின் சட்டையோ
மடித்துக் கொடுத்தபடியே திரும்பி வரும்.
பந்து அவர்களின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.
அண்ணாந்து பார்க்க சோப்பு செலவாகாது.

அப்போது அவரிடம் இருந்தது ஒரே சொல்: மேலே.
காற்று நம் பக்கமென்றால் மேலே.
எதிர்ப்பக்கமென்றால் இன்னும் ஓங்கி, மேலே.
ஃபியோர்டிலிருந்து வரும் காற்றையும்
சம்பளப் பட்டியலில் சேருங்கள், பன்னிரண்டாவது ஆள் அது என்றார்.
கணக்கர் ரூனார் சிரிக்கவில்லை.
அந்த வருடம் மேல்பிரிவுக்கு ஏறினோம்.
மீன் பதப்படுத்தும் ஆலை அரைநாள் மூடிக் கிடந்தது.

பிறகு செயற்கைப் புல் வந்தது. சேறு போயிற்று.
காலுறையைக் கவிழ்த்தால்
இடித்த மிளகைப் போல ரப்பர்த் துகள் கொட்டும்,
என் வடிகுழாய் இருமுறை அடைத்துக்கொண்டது.
எல்லோரும் தரையில் ஆட, நாங்கள் மட்டும்
வானத்தில் ஆடிக்கொண்டிருந்தோம்.
இரண்டு பிரிவு இறங்கினோம். அவரை அனுப்பினார்கள்.

ஆறு வருடம் கழித்துத் திரும்பினார்,
மூக்கில் கண்ணாடியோடு.
இடையில் தெற்கே ஒரு பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தாராம்.
சிக்னி என்று ஒரு இடது பின்காப்பாட்டக்காரி
முகத்துக்கு நேரே கேட்டாளாம்:
"கஷ்டப்பட்டுப் பிடுங்கிய பந்தை
எதற்கு உடனே தூக்கிக் கொடுக்கிறோம்?"
பதில் இன்னும் தேடுகிறேன் என்றார் என்னிடம்,
உலர்த்தியின் சத்தத்துக்கு மேல் கத்தி.

அதற்கப்புறம் எடை மாறியது.
ஆறாம் எண் சட்டைதான் இப்போது கனம்,
நனைந்த துண்டு போல.
கோல்காப்பாளன் ஈவரின் கையுறை சுத்தம்,
காலணியின் உள்விளிம்புதான் தேய்கிறது.
கோட்டுப் பையில் அவர் மறந்துவிடும் காகிதங்களும் மாறின:
முன்பு ஒரே அம்பு, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு.
பிறகு அம்புகள் பின்னிப் பின்னி, சிக்கலான நூல்கண்டு.
போன வருடம் முதல் அம்பே இல்லை.
வட்டங்கள் மட்டும்,
உள்ளே பொடி எழுத்தில்: இங்கே யாரும் இல்லை.

நவம்பரின் கடைசி ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று.
வென்றால் தங்கலாம், இல்லையேல் இறக்கம்.
துண்டுகளோடு நான் சுரங்கவழி வாசலில் நிற்கிறேன்.
எண்பத்தெட்டாம் நிமிடம், பந்து ஈவரின் காலடியில்,
இரண்டு பேர் அவனை நோக்கிப் பாய்கிறார்கள்,
காற்று எங்கள் முதுகில்.
"மேலே! மேலே!" என்கிறது அரங்கம்.
அந்தக் கூச்சலை அவர்களுக்குப் பழக்கியவரே இவர்தான்.

ஓட்வாரின் வலக்கை எழுந்தது.
தோள்வரை வந்தது, அதே பழைய கை.
அங்கிருந்து தொப்பிக்குப் போயிற்று,
நேராக இருந்த தொப்பியை நேராக்கியது.

ஈவர் ஐந்தாம் எண்ணுக்குத் தட்டினான். ஐந்து ஆறுக்கு.
பதினேழுவரை எண்ணினேன்,
பிறகு எண்ண மறந்தேன்,
பிறகு கம்பத்தில் பட்ட சத்தம்.

அன்றிரவு ரூனார் தவிர யாரும் பேசவில்லை.
ரூனார் பேசியதை இங்கே எழுத முடியாது.
கோட்டைக் கொடுத்துவிட்டு ஓட்வார் வண்டிக்குப் போனார்.
பையில் ஒரு காகிதம், ஒன்பது வட்டங்கள்.
மூலையில் பென்சிலில் 'மேலே' என்று எழுதி,
அடித்து, பக்கத்தில் மறுபடி எழுதி,
ஒரு கேள்விக்குறி.

ஜன்னலோரம் வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

தொப்பியை மட்டும்
இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடத்
துவைக்கக் கொடுத்ததில்லை.